ஏழு நிமிடமும் ஆறு மீட்டரும்: காவலர் உடல்தகுதித் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு மைதானத்துக்குக் காத்திருப்பவர்களின் கடிதங்கள் இம்முறை குவிந்துவிட்டதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இங்கே தந்துள்ள அளவுகள் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்கால அறிவிப்புகளில் உள்ளவை. உங்கள் ஆண்டுக்கான அறிவிப்போடு அவற்றை ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1500 மீட்டர் ஓட எனக்கு 8 நிமிடம் 10 வினாடி ஆகிறது. தினமும் காலையில் முழுத் தூரத்தையும் முழு வேகத்தில் ஓடியும் ஒரு மாதமாக நேரம் குறையவில்லை. இன்னும் இரண்டு மாதமே இருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், சிவகங்கை)

நேரம் குறையாததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தினமும் முழு வேகத்தில் ஓடுவது பயிற்சி அன்று. அது தினமும் தேர்வு எழுதுவதைப் போன்றது. நேற்றைய களைப்போடு ஓடும் கால்கள் நேற்றைய நேரத்தைத்தான் திரும்பத் தரும்.

ஆண்களுக்கு 1500 மீட்டருக்கு 7 நிமிடம், அதாவது 420 வினாடி. நாம் 400 வினாடியைக் குறிவைப்போம், ஏனெனில் தேர்வு நாளின் பதற்றமும் நெரிசலும் பத்து இருபது வினாடியைத் தின்றுவிடும். 400 மீட்டர் தடத்தில் 1500 என்பது முதலில் 300 மீட்டர், பிறகு மூன்று முழுச் சுற்றுகள். அந்த 300 மீட்டரை 80 வினாடியிலும் ஒவ்வொரு சுற்றையும் 107 வினாடியிலும் முடித்தால் 6 நிமிடம் 41 வினாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டுவிடலாம். முதல் 300 மீட்டரை 60 வினாடியில் பாய்ந்து முடித்து, இரண்டாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் இளைஞர்களை உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு மூச்சுக்குக் குறைவில்லை. தங்கள் வேகம் எவ்வளவு என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 30 முதல் 40 நிமிடம் ஓடுங்கள். ஒரு நாள் 400 மீட்டரை 105 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுவதாக ஐந்து முறை செய்யுங்கள். இன்னொரு நாள் 200 மீட்டரை 48 வினாடியில் எட்டு முறை ஓடுங்கள். மற்ற நாள்களில் கயிறு ஏறுதலும் தாண்டுதலும் இருக்கட்டும், ஒரு நாள் முழு ஓய்வாக இருக்கட்டும். முழுத் தூரத்துக்கு நேரம் எடுத்துப் பார்ப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கண்மாய்க்கரையில் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசிச் செயலி காட்டும் தூரத்தை நம்பாமல், 50 மீட்டர் நாடாவால் ஒருமுறை அளந்து, நூறு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் குறி போட்டுவிடுங்கள்.

தேர்வன்று கூட்டமாகத்தான் ஓடவிடுவார்கள். நெரிசலுக்குப் பயந்து கடைசிவரை ஒரு தடம் தள்ளி ஓடினால் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறீர்கள் என்பதை மனத்தில் வைத்து, முதல் வளைவு கழிந்ததும் உட்புறம் வந்துவிடுங்கள்.

கேள்வி: என் உயரம் 169 செ.மீ. பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். வயது 22. உயரம் கூட்டும் மாத்திரை பலன் தருமா? மார்பும் 79 செ.மீ.தான் இருக்கிறது. (வாசகர், திருவண்ணாமலை)

தராது. இந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடியிருக்கும்; பணத்தை முட்டைக்குச் செலவிடுங்கள். உங்கள் வகுப்புக்கு 170 செ.மீ. தேவை. ஆனால் நீங்கள் எப்போது அளந்தீர்கள் என்று எழுதவில்லை. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகல் முழுவதும் அழுந்துவதால், காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும். காலையில் வெறுங்காலோடு, குதிகாலும் பிட்டமும் தோளும் சுவரில் படும்படி நின்று மீண்டும் அளந்து பாருங்கள். மார்பளவுக்குச் சாதாரண நிலையில் 81 செ.மீ., விரிவு 5 செ.மீ. வேண்டும். தண்டால், புல் அப்ஸ் ஆகியவற்றை ஒழுங்காகச் செய்தால் சில மாதங்களில் எட்டக்கூடிய அளவுதான் அது.

கேள்வி: எங்கள் ஊரில் கயிறு ஏறிப் பழக வசதி இல்லை. கையில் பலம் இருந்தும் பாதி உயரத்தில் நின்றுவிடுகிறேன். ஒரு ஸ்டாராவது வாங்க வழி சொல்லுங்கள். (வாசகர், அரூர்)

1500 மீட்டர் ஓட்டம் உள்ளே விடும் கதவு மட்டுமே. மதிப்பெண் அதன்பின் வரும் மூன்று போட்டிகளில்தான் இருக்கிறது. நூறில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறன் போட்டிகளுக்கு 24, சிறப்பு மதிப்பெண் 6 என்னும் கணக்கில், அந்த 24 பலருடைய தலைவிதியை மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு போட்டியிலும் எட்டும் அளவைப் பொறுத்துத் தரும் தரக்குறியே ஸ்டார்; இரண்டு ஸ்டாருக்கு மதிப்பெண் கூடுதல். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார். எஞ்சிய இரண்டில் நீளம் தாண்டுதலுக்குப் பதிலாக உயரம் தாண்டுதலையும், 100 மீட்டருக்குப் பதிலாக 400 மீட்டரையும் எடுக்கலாம். கயிற்றுக்கு மட்டும் மாற்று கிடையாது.

பாதியில் நிற்பவர்கள் எல்லோரும் கைகளாலேயே உடலை இழுக்கிறார்கள். கயிறு ஏறுவது காலின் வேலை. கைகள் இரண்டும் தலைக்கு மேலே பிடித்திருக்க, முழங்கால்களை மார்பை நோக்கித் தூக்குங்கள். கயிறு வலக்காலின் வெளிப்புறமாக இறங்கி, வலது பாதத்துக்கு அடியில் புகுந்து, இடது பாதத்தின் மேல் வரட்டும். இப்போது வலது பாதத்தால் அதை இடது பாதத்தின் மேல் அழுத்தி மிதித்தால் கயிறு பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டின் மேல், படியில் ஏறி நிற்பதைப் போல எழுந்து நில்லுங்கள். நின்ற பிறகுதான் கையை மேலே மாற்ற வேண்டும். ஒருமுறை இப்படி எழுந்தால் முக்கால் மீட்டர் போகலாம் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் என்பது எட்டே எழுச்சிகள்.

வேப்பமரமோ புளியமரமோ இருந்தால் போதும். கிளை பச்சையாகவும் தொடையளவு பருமனாகவும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிணற்றுக் கயிறு மெல்லியது, கையை அறுக்கும். கைப்பிடிக்கு நிறையும் தடித்த கயிறே வேண்டும். அடியில் முழங்கால் ஆழத்துக்கு மணல் கொட்டுங்கள். முதல் வாரம் மேலே ஏறவே வேண்டாம், தரையில் உட்கார்ந்தபடியே காலால் பூட்டுப் போட்டுப் பழகுங்கள். இறங்கும்போது கைமாற்றிக் கைமாற்றி இறங்க வேண்டும். என்னிடம் பழகிய ஒருவர், ஐந்து மீட்டரை முதன்முறையாகத் தொட்ட மகிழ்ச்சியில் சர்ரென்று வழுக்கி இறங்கி, இரு உள்ளங்கைத் தோலையும் கயிற்றிலேயே விட்டுவிட்டு மூன்று வாரம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார்.

கேள்வி: எனக்கு 26 வயது, ஒரு குழந்தை இருக்கிறது. 400 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் தலை சுற்றுகிறது. குண்டு எறிவதா, கிரிக்கெட் பந்து எறிவதா என்பதிலும் குழப்பம். (வாசகி, விருத்தாசலம்)

தலைச்சுற்றல்தான் முதலில் கவனிக்கப்பட வேண்டியது. பெண்களுக்கு 400 மீட்டருக்கு 2 நிமிடம் 30 வினாடி தரப்படுகிறது. அது கடும் வேகம் அன்று. அதற்கே தலை சுற்றுகிறது என்றால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். முருங்கைக்கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுத்துவிடும்.

எறிதலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஊகத்தால் முடிவு செய்யாதீர்கள். 4 கிலோ குண்டு 4.25 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 5.50 மீட்டருக்கு இரண்டு. பந்து 17 மீட்டருக்கு ஒன்று, 24 மீட்டருக்கு இரண்டு. இரண்டையும் நாளுக்குப் பத்து முறை, ஒரு வாரம் எறிந்து குறித்து வையுங்கள். சிறு வயதில் பையன்களோடு கல்லெறிந்து மாங்காய் அடித்தவர்களுக்குப் பந்து எளிதில் வரும். தோள் வீச்சுப் பழகாதவர்களுக்கு, காலால் உந்தித் தள்ளும் குண்டே நல்லது. நீளம் தாண்டுதலில் 3 மீட்டரும் 3.75 மீட்டரும் அளவுகள். ஓட்டத்தைத் தொடங்கும் இடத்தைப் பாதத்தால் அளந்து குறித்துவைத்தால், பலகையைக் கடந்து மிதித்து ‘ஃபவுல்’ ஆவது பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: கெண்டைக்கால் முன் எலும்பில் ஒரு மாதமாக வலி. பயிற்சி மையத்தில் உடன் பழகுபவர்கள் தேர்வன்று வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். (வாசகர், தேனி)

வேண்டாம். வலிநிவாரணி வலியை மறைக்குமே தவிர எலும்பைச் சேர்க்காது. வெயிலில் நீர்ச்சத்து குறைந்த உடலில் டைக்குளோஃபினாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். 2024-ஆம் ஆண்டு ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். நம் ஊர்த் தேர்வில் அவ்வளவு தூரம் இல்லை என்றாலும், புழுக்கத்தில் ஓடும்போது மயிர்க்கூச்செறிந்து குளிரெடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

உங்கள் வலிக்கு வருவோம். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது மிகுந்து பிறகு குறைந்தால், அது தார்ச்சாலையில் தேய்ந்த காலணியோடு திடீரென்று தூரத்தைக் கூட்டியதன் விளைவாக இருக்கலாம். இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, மிதிவண்டியோ நீச்சலோ வைத்துக்கொள்ளுங்கள். வலித்த இடத்துக்கு ஐஸ் வைத்து, குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செய்து, பிறகு மண்தரையில் பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். அப்படியில்லாமல், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் ஒரு சுற்றுகூட ஓடாமல், இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம் என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டாலும் வலி தொடர்ந்தால் மறுபடி போய்க் காட்டுங்கள்.