மேட்டில் திணறும் பிக்கப்

கேள்வி: என் டீசல் பிக்கப் சரக்கோடு மேடு ஏறும்போது இழுக்கவே மாட்டேன் என்கிறது, கரும்புகை வேறு. ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. வொர்க்‌ஷாப்பில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அவசரப்படாதீர்கள். டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காவிட்டாலும் கரும்புகை வரும். இன்ஜின் ஆறியபின், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே மெல்லிய வெடிப்பு இருக்கக்கூடும். ஐடிலிங்கில் அது மூடியே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து அழுத்தம் ஏறியதும் வாய் பிளந்து காற்று கசியும். ஹோஸையும் கிளாம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ஹோஸில் குறையில்லை என்றால், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரியடைத்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் அதற்கப்புறம்தான், அதையும் சோதித்துப் பார்க்காமல் மாற்ற விடாதீர்கள்.