எட்டாயிரம் கொடுத்து ஹேண்டிகேப் வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், வயது 49. ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கொடைக்கானல் மலைக்குப் போய் கோல்ஃப் ஆடுகிறேன். இரண்டு மாதத்தில் எங்கள் கிளப்பின் வருடாந்திர சாம்பியன்ஷிப். விண்ணப்பத்தில் ஹேண்டிகேப் கேட்கிறார்கள், என்னிடம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் 24 என்று சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொண்டால் நெட் பிரிவில் பணப் பரிசே அடிக்கலாமாம். வாங்கலாமா? வாங்காவிட்டால் இந்த வருடம் ஆட முடியாதா?

பதில்: வாங்காதீர்கள். இந்த வருடமே ஆடலாம், அதற்கு நேரமும் இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான், ஆனால் அந்தத் தெரிந்தவர் அடுத்த வாரம் வேறு கதையோடு கடைக்கு வந்து உட்காருவார், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

ஹேண்டிகேப்பைப் பலர் ஏதோ பட்டம் மாதிரி நினைக்கிறார்கள். நீங்கள் நன்றாக ஆடும் நாளில் ஒரு தேர்ந்த ஆட்டக்காரரைவிட எத்தனை அடி கூடுதலாக அடிப்பீர்கள் என்பதற்கான ஒரு எண், அவ்வளவுதான். உங்களுக்கு 27 என்றால், நெட் பிரிவில் உங்கள் மொத்த அடிகளில் ஏறக்குறைய அவ்வளவைக் கழித்துவிட்டு மற்றவரோடு ஒப்பிடுவார்கள். மைதானத்தின் கடினத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும் குறையும், அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். 2020-ல் உலகம் முழுவதற்கும் ஒரே முறை வந்த பிறகு 54.0 வரை ஹேண்டிகேப் தரலாம். ஆகவே ‘நான் ரொம்ப மோசமாக ஆடுகிறேன், எனக்கெல்லாம் தருவார்களா’ என்ற கூச்சம் வேண்டாம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

முதல் எண் கிடைக்க 54 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழிகள்) ஆடிய ஸ்கோர் கார்டுகள் போதும். அதாவது 18 ஹோல் சுற்று மூன்று. மூன்று கார்டு கொடுத்தால், மைதானத்துக்கு ஏற்பச் சரிசெய்த மூன்று எண்களில் மிகக் குறைந்ததை எடுத்து அதிலிருந்து 2 கழிப்பார்கள். 33, 31, 36 என்று வந்தால் உங்கள் ஹேண்டிகேப் 29. கார்டுகள் 20 ஆன பிறகு கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரி. இதில் பணம் கொடுத்து வாங்க என்ன இருக்கிறது?

சரி, மதுரையிலிருந்து காலையில் கிளம்பி வத்தலகுண்டு வழியாக மலை ஏறி, சீசனில் கார்களுக்குப் பின்னால் நின்று நின்று போய்ச் சேர்ந்து, 18 ஹோல் முடித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்குவது எல்லா ஞாயிறும் நடக்காது. (2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானல் போக இ-பாஸ் வேறு. அதையும் பணம் வாங்கிக்கொண்டு ‘எடுத்துத் தருகிறவர்கள்’ உண்டு, அது இலவசம் என்பதைச் சொல்லாமலே.) அதனால் 9 ஹோல் கார்டும் செல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பது ஒன்பதாக ஆறு கார்டு கொடுத்தால் 54 ஆகிவிடும், இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்றாகக் கணக்கிடுவார்கள். முன் ஒன்பதோ பின் ஒன்பதோ, எதுவானாலும் சரி.

ஆனால் இந்த 9 ஹோல் விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் இதை மட்டும் இழுத்தே சொல்கிறேன். 18 ஹோல் கார்டில் பத்து ஹோலாவது ஆடியிருந்தால், நியாயமான காரணத்தால் மீதி நின்றுபோனாலும் அந்தக் கார்டைச் சேர்க்க வழி இருக்கிறது. 9 ஹோல் கார்டில் அந்தச் சலுகை கிடையாது. 2024-ல் விதிகளைத் திருத்தியபோது ஒன்பதையும் ஆடியே ஆகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன் ஏழு ஆடியிருந்தால் போதும் என்று இருந்தது, கிளப்பில் பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்வார்கள், நம்பாதீர்கள். எட்டாவது ஹோலில் மழை பிடித்து ஓடிவந்தால் அந்தக் கார்டு போச்சு. ஏழாவதில் காட்டெருமை நிற்கிறது, அதை விட்டுவிட்டு எட்டுக்குப் போனோம் என்றாலும் போச்சு. காட்டெருமை நகரும்வரை தள்ளி நின்று காத்திருங்கள், அது உங்களைவிட அவசரமில்லாத ஜீவன். நகரவே இல்லையென்றால் அன்றைக்கு ஹேண்டிகேப் கனவை விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். விரட்டப் போகாதீர்கள்.

இன்னொன்று, தனியாக ஆடிய சுற்று செல்லாது. கூட ஒருவர் வந்து, உங்கள் கார்டில் ஸ்கோர் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும், நீங்களும் போட வேண்டும். உங்கள் கோல்ஃப் பையைத் தூக்கி வரும் கேடியின் கையெழுத்தை உங்கள் கிளப் ஏற்குமா என்பதை முதல் பந்தை அடிப்பதற்கு முன்பே ஹேண்டிகேப் கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஹோலில் பதினான்கு அடி ஆகிவிட்டது என்று கார்டைக் கிழிக்கவும் வேண்டாம். ஹேண்டிகேப் இல்லாத புதியவருக்கு ஒரு ஹோலுக்கு பார் (அந்த ஹோலை முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள்) கூட்டல் ஐந்து வரைதான் கணக்கில் எடுப்பார்கள். பார் நான்கு ஹோலில் பதினான்கு அடித்தாலும் ஒன்பதுதான்.

இப்போது உங்கள் தெரிந்தவருக்கு வருகிறேன். அவர் விற்பது எட்டுப் போடாமல் வாங்கும் லைசென்ஸ் மாதிரி. அதிலாவது வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடலாம், இதில் ஒவ்வொரு ஹோலிலும் உங்கள் ஸ்கோரை இன்னொருவர் எழுதிக்கொண்டே வருகிறார். உண்மையில் 30 ஆடுகிறவர் 24 வாங்கினால் காசு கொடுத்துத் தோற்கிறார். கூட்டிப் போட்டு 36 வாங்கிக்கொண்டு நன்றாக ஆடினால் அது இன்னும் கேவலம். உங்கள் எண்ணைவிட 7 குறைவாக ஒரு நாள் ஆடிவிட்டால் முறையே தானாக ஒன்று குறைத்துவிடும், 10 குறைந்தால் இரண்டு. கமிட்டிக்குச் சந்தேகம் வந்தால் ஹேண்டிகேப்பையே பறிக்கலாம். பிறகு கிளப்பில் உங்களோடு ஆட ஆள் வராது, அதற்கு விதி எதுவும் தேவையில்லை.

நெட் பிரிவில் பணப் பரிசு என்றாரே, அதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள அமெச்சூர் (கோல்ஃபைத் தொழிலாகக் கொள்ளாதவர்) விதிப்படி, ஹேண்டிகேப் கழித்து ஆடும் போட்டியில் அமெச்சூர் ஆட்டக்காரர் பணமாகப் பரிசு வாங்கவே கூடாது. கோப்பை, பொருள், வவுச்சர் என்றால் வரம்புக்குள் வாங்கலாம். பணத்தை வாங்கினால் அமெச்சூர் தகுதியே கேள்விக்குறி, அடுத்த வருடம் இதே சாம்பியன்ஷிப்பில் ஆட முடியாமல் போகலாம்.

இவ்வளவு எளிதான வேலைக்குப் புரோக்கர் ஏன் முளைக்கிறார் என்றால், கிளப்புகளின் லட்சணம் அப்படி. நான் முன்பு உறுப்பினராக இருந்த ஒரு கிளப்பில், வேறு ஊர், கார்டுகளை ஒரு மேஜை டிராயரில் போடுவார்கள், கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனால் ஒரு மாதத்துக்கு யாருடைய எண்ணும் மாறாது. என் கார்டு இரண்டு அந்த டிராயரிலேயே சமாதியாகிவிட்டன. எல்லாம் இணையத்தில் இருக்கும்போது ஹேண்டிகேப்புக்கு அட்டெஸ்டேஷன் போட்ட ஜெராக்ஸ் கேட்டதும் அங்கேதான். அதனால் ஒவ்வொரு கார்டையும் கொடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மறுவாரமே ஏற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். வெட்கப்படாமல் நச்சரியுங்கள்.

போட்டி நாளில் ஒன்றுதான். 2023 விதிகளின்படி ஹேண்டிகேப்பைக் கணக்கில் எடுப்பது கமிட்டியின் பொறுப்பு. ஒவ்வொரு ஹோலின் ஸ்கோர் சரியா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. உண்மையைவிடக் குறைத்து எழுதியிருந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் தகுதி நீக்கம். கூட்டி எழுதியிருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். 1968-ல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது ஹோலில் மூன்று அடித்திருந்தார். கூட ஆடியவர் நான்கு என்று எழுத, இவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஒரு அடியில், சமமாக வந்தவர்கள் மோதும் பிளே-ஆஃப் வாய்ப்பு போனது. அவருக்கே அந்தக் கதி என்றால் நாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கலாம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் ஆறு ஞாயிறு வருகிறதா என்று இன்றே காலண்டரைப் பாருங்கள். கார்டு ஏற்ற ஒரு வாரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு குறைந்தால் இரண்டு நாள் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு சனிக்கிழமையே மேலே போய்த் தங்கி, 18 ஹோலாக ஆடிவிடுங்கள்.