மெட்டல் 3டி பிரிண்டிங் வந்த பிறகு துப்பாக்கிப் பாகங்களுக்கு மெஷினிங் எதற்கு?

"முழுத் துப்பாக்கியையே லேசரில் அச்சடித்துவிட்டார்கள், இனி சிஎன்சி படித்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (சிஎன்சி என்றால் கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் மெஷின். அப்படி வெட்டிச் செதுக்குவதுதான் மெஷினிங்.) டிப்ளமோ கடைசி வருஷத்தில் இருப்பீர்கள், யாரோ யூடியூப் பார்த்துவிட்டுப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் துப்பாக்கி செய்பவன் இல்லை. கோவையில் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறை, வால்வு, பம்பு பாகங்கள்தான் வேலை. "அப்புறம் உனக்கு என்ன தெரியும்?" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: தான் என்னவாகப் போகிறோம் என்று ஸ்டீலுக்குத் தெரியாது. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எல்லோருக்கும் ஒரே மைக்ரான்தான்.

நீங்கள் சொல்வது 2013 நவம்பரில் அமெரிக்காவின் சாலிட் கான்செப்ட்ஸ் கம்பெனி காட்டிய 1911 மாடல் பிஸ்டலாக இருக்கும். 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இன்கோனல் 625 என்ற நிக்கல் கலப்புலோகம், இவற்றின் பவுடரை லேசரில் உருக்கிச் செய்தது. மெஷினிங்கே கிடையாது, கையால் ஃபினிஷ் செய்தோம் என்றார்கள். சரி, அந்தக் கை யாருடையது? அரம் பிடிக்கத் தெரிந்த ஒரு ஃபிட்டருடையதாகத்தான் இருக்க முடியும். மலிவாகத் துப்பாக்கி செய்வது எங்கள் நோக்கமே இல்லை, பிரிண்ட் செய்த உலோகம் தாங்கும் என்று காட்டத்தான் செய்தோம் என்று அவர்களே சொன்னதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

எங்களிடம் ஒருமுறை பிரிண்ட் செய்த 17-4 வால்வு பாடி வந்தது. "ஏறக்குறைய முடிந்த பீஸ்தான், போர் (உள்துளை) மட்டும் லேசாக எடுத்துக் கொடுங்கள்" என்றார் கஸ்டமரின் இன்ஜினியர். வைஸில் பிடிக்க ஒரு நேர் முகம் கிடையாது. வெளிப்புறம் உப்புத்தாள் மாதிரி. அச்சடிக்கும்போது தாங்கலுக்கு வைத்த சப்போர்ட்டை வெட்டிய இடமெல்லாம் மேடு பள்ளம். அளவு பார்க்கும் டயல் கேஜ் வைத்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒத்துவரவில்லை, சூட்டில் இழுத்திருக்கிறது. டிராயிங்கில் டேட்டம், அதாவது எல்லா அளவும் எடுக்கத் தொடங்கும் ஆதார முகம், அழகாகப் போட்டிருந்தார்கள், பீஸில்தான் அதைக் காணோம். பீஸை அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸர் செய்யவே, துளையைக் கடையும் போரிங்கைவிட அதிக நேரம் போனது. அடுத்த பேட்சில் பிடிப்பதற்கென்று மேடை வைத்து, போரில் கூடுதல் மெட்டீரியல் விட்டு அடியுங்கள் என்றேன். "வெட்டி எறியவா பிரிண்ட் பண்றோம்?" என்று அந்தத் தம்பி கோபித்துக்கொண்டார். ஆனால் அப்படித்தான் அடித்து அனுப்பினார்கள்.

அமெரிக்க ராணுவத்தின் பிக்கட்டினி ஆர்சனல் 2017இல் காட்டிய கிரனேட் லாஞ்சருக்கும் இதே கதைதான். அதன் அலுமினிய பேரலும் ரிசீவரும் அச்சாகவே சுமார் 70 மணி நேரம், அதற்குமேல் ஃபினிஷிங். ஸ்பிரிங்கும் ஸ்க்ரூ வகையறாவும் வழக்கம்போல் வெளியிலிருந்து வாங்கியவை.

பிரிண்டிங் உண்மையாகவே ஜெயிக்கும் இடம் சைலன்சர். உள்ளே வளைந்து நெளிந்த அறைகளுக்கு டூல் நுழையாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ரிகர், ஹேமர் மாதிரி சின்னப் பாகங்களில் மெஷினிங் வயிற்றில் ஏற்கெனவே அடித்தது பிரிண்டிங் இல்லை, எம்ஐஎம். உலோகப் பவுடரை மோல்டில் செலுத்திச் சுட்டெடுக்கும் முறை. அது வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அதற்கு யாரும் பயந்து கேள்வி போடவில்லை.

படியுங்கள். கூடவே பிரிண்ட் பீஸைப் பிடித்து டேட்டம் எடுக்கப் பழகுங்கள், அதற்கு ஆள் கிடைப்பதில்லை. வேலை போகும் என்ற பயம் எனக்கு இல்லை. செய்த வேலைக்குப் பணம் வருமா என்பதுதான் பயம். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அந்த வால்வு பாடி பில்லுக்கு இன்னும் "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது சார்" என்றுதான் பதில். புகார் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.