சங்கிலிக் கவசம் கிடைத்த மந்திரவாதிக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டில் உங்கள் மந்திரவாதிக் கதாபாத்திரத்துக்குச் சங்கிலிக் கவசம் கிடைத்தும், அதை மாட்டினால் மந்திரம் போட முடியாது என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் தடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான். இந்த விளையாட்டின் 5ஆம் பதிப்பில் எந்தக் கவசத்தையும் யாரும் மாட்டலாம்; ஆனால் பயிற்சி இல்லாத கவசம் என்றால் மந்திரம் அறவே கிடையாது. ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சார்ந்த பகடை வீச்சுகளுக்கெல்லாம் டிஸ்அட்வான்டேஜ் வேறு, அதாவது இருமுறை வீசிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும்.

கவசத்தை உங்கள் குழுவின் ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) கொடுத்துவிட்டு, நீங்கள் மேஜ் ஆர்மர் என்ற மந்திரத்தை எடுங்கள். முதல் நிலை மந்திரம்தான், 8 மணி நேரம் நிற்கும். ஏசி (எதிரியின் தாக்குதல் படாமல் காக்கும் எண்) 13, அதோடு டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (அந்தத் திறனுக்குரிய கூட்டல் எண்). உங்கள் டெக்ஸ்டெரிட்டி 16 என்றால் மாடிஃபையர் +3, ஆக சங்கிலிக் கவசம் தரும் அதே 16 வந்துவிடும், பதுங்கிப் போவதற்கும் தடையில்லை.

அப்புறம், இதற்காக ஃபைட்டரில் ஒரு லெவல் எடுக்க வேண்டாம். மந்திரவாதியாகத் தொடங்கிவிட்டு இடையில் ஃபைட்டராகச் சேர்ந்தால் கனரகக் கவசப் பயிற்சி கிடைக்காது. சங்கிலிக் கவசம் அந்த வகைதான்.