டிக் சத்தம் கேட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக்காக இருக்கிறேன். கியர் மாற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வான சாலினாய்டைக் கழற்றி, மீட்டர் வைத்து அதன் மின்தடை எத்தனை ஓம் என்று பார்ப்பது தினசரி வேலை. போன வாரம் மகளோடு ஜப்பானிய இயக்குநர் சடோஷி கோனின் ‘பாப்ரிகா’ என்ற அனிமேஷன் படம் பார்த்தேன். எங்கே கனவு, எங்கே நனவு என்று பிடிபடவில்லை. மகளோ பிரமாதம் என்கிறாள். கனவு என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் வரையலாமா? எனக்கு ஓம் சரியாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் மாற்று. இந்த மாதிரிப் படத்தை எதை வைத்துச் சோதிப்பது?

ஆர்., ஷார்ஜா

அன்புள்ள ஆர்.,

ஓம் சரியாக இருந்தும் என்னைப் படுத்திய ஒரு சாலினாய்டு உண்டு. என் பழைய கார் காலையில் ஒழுங்காக ஓடும். அரை மணி நேரம் நெரிசலில் போய்ச் சூடானதும், இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி இழுக்காது, அப்புறம் ஒரு குலுக்கல். பட்டறையில் கழற்றி அளந்தார்கள். 13 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’. நல்ல சாலினாய்டு என்று திரும்ப மாட்டினார்கள். குலுக்கல் போகவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் கரண்ட் கொடுக்காமலே ஆயில் துளையில் காற்றை ஊதினார். மூடியிருக்க வேண்டிய வால்வு வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தது. உள்ளே மாவு போல இரும்புத்தூள். ஆயில் சூடேறி இளகினால் கசிவு கூடத்தானே செய்யும். மீட்டர் சொன்னது உள்ளிருக்கும் கம்பிச்சுருளான காயிலைப் பற்றி. ஆயில் போகும் வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

கனவுப் படத்திலும் நான் அந்த வழியைத்தான் பார்ப்பேன். பாப்ரிகாவில் குளிர்பதனப் பெட்டிகளும் தவளைகளும் பொம்மைகளும் ஊர்வலம் போவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அழகுதான், ஆனால் எனக்கு அது டிக் சத்தம். துப்பறியும் கொனகாவாவின் கனவைப் பாருங்கள். சர்க்கஸில் விழுகிறான், காட்டில் விழுதைப் பிடித்து ஆடுகிறான், ரயிலுக்குள் இருக்கிறான். இடம் மாறுகிறது, உடம்பின் வேகம் அறுபடுவதில்லை. கியர் மாறியதே தெரியாத நல்ல வண்டி அது. கடைசியில் ஒரு நீண்ட நடைபாதை. ஒருவன் சுடப்பட்டுச் சரிகிறான். கொலையாளியைத் துரத்தினால் தரை துணி போல நெளிகிறது, கால் முன்னேறவில்லை. கனவு ஒவ்வொரு முறையும் அங்கேயே நிற்கிறது.

பழுது அந்த நடைபாதையில் இல்லை. பதினேழு வயதில் நண்பனோடு சேர்ந்து எடுக்க ஆரம்பித்த படத்தைப் பாதியில் விட்டுப் போனவன் கொனகாவா. நண்பன் இப்போது உயிரோடு இல்லை. அந்த இடம் தெரிந்த பிறகுதான் கனவு மேலே நகர்கிறது. எதை வேண்டுமானாலும் வரைந்துவிட முடிகிற ஒரு படத்தில் இத்தனை கறாரான காரணம் இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. கோன் முடித்த முழுநீளப் படங்கள் நான்கே. 2006இல் வந்த இதுதான் கடைசி. 2010இல், 46 வயதில் போய்விட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகளை உட்காரவைத்து முதல் சில நிமிடங்களைச் சத்தமில்லாமல் போடச் சொல்லுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, முந்தைய இடத்திலிருந்து எது கூடவே வந்திருக்கிறது என்று இருவரும் தேடுங்கள். எங்காவது கசிந்தால் எனக்கு எழுதுங்கள்.