அமெரிக்காவிலிருந்து வரும் ஐபோன் ஜியோவில் வேலை செய்யுமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வரும்போது தன் ஐபோன் 15-ஐ எனக்குத் தருவதாகச் சொல்கிறார். அங்கே ஒரு செல்போன் கம்பெனியில் தவணைக்கு எடுத்தது. என் நம்பர் ஜியோ. வேலை செய்யுமா?

பதில்: தவணை முழுவதும் கட்டியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். பேண்டைப் பற்றி, அதாவது போன் பிடிக்கும் அலைவரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜியோ 4ஜிக்கு வேண்டிய 3, 5, 40 பேண்டுகளும், 5ஜிக்கு வேண்டிய என்28, என்78-உம் அந்த மாடலில் உண்டு. தடை கேரியர் லாக்தான். தவணையில் கொடுக்கும் போனைத் தங்கள் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டியே கொடுப்பது அங்கே வழக்கம்.

செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். அதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று இருந்தால் பூட்டு இல்லை. மச்சான் விமானம் ஏறும் முன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லாக் இருந்தால், அவரே தன் கணக்கிலிருந்து அந்தக் கம்பெனியிடம் அன்லாக் கேட்க வேண்டும். பூட்டைத் தாண்ட என்று இங்கே சில கடைகளில் சிம்மோடு ஒட்டிவைத்துத் தரும் மெல்லிய சிப்பை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு அப்டேட் வந்தால் அது செயலிழந்துவிடலாம். இந்தப் போனில் அதை வைக்க இடமும் கிடையாது: ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் ட்ரே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான்.

அதனால் உங்கள் ஜியோ நம்பரை இ-சிம்முக்கு மாற்ற வேண்டும். புதுப் போனில் *#06# அழுத்தினால் 32 இலக்க இஐடியும் (இ-சிம்மின் அடையாள எண்) 15 இலக்க ஐஎம்இஐயும் (போனின் அடையாள எண்) வரும். இரண்டையும் எழுதிக்கொண்டு ஜியோ கடைக்குப் போகலாம், மைஜியோ ஆப்பிலும் கேட்கலாம். ஓர் இலக்கம் பிசகினாலும் இ-சிம் இறங்காது. இறக்கும்போது புதுப் போனில் வைஃபை இருக்க வேண்டும். மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. பேங்க் ஓடிபியும் வராது என்பதால் பணம் கட்டவேண்டிய நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். போன் கெட்டுப்போனால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடவும் முடியாது. விலையோடு இந்தத் தொந்தரவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு 4ஜி ஆண்ட்ராய்டு போன் பார்த்திருக்கிறேன். என்னுடையது பிஎஸ்என்எல். சரியாக வருமா?

பதில்: ‘4ஜி சப்போர்ட்’ என்ற வார்த்தையை வைத்து முடிவு செய்ய முடியாது. பிஎஸ்என்எல் 4ஜி முக்கியமாக ஓடுவது 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100-லும். அதாவது பேண்ட் 28, பேண்ட் 1. பேண்ட் 1 பெரும்பாலான போன்களில் இருக்கும். 28 பல பழைய மாடல்களில் இல்லை. 700 அலைதான் தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். அது இல்லாத போனில் தெருவில் 4ஜி காட்டும், உள்ளறையில் காணாமல் போகும். போனின் பெயரை விட்டுவிட்டு மாடல் நம்பரைத் தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும். முடிந்தால் உங்கள் சிம்மைப் போட்டு, 4ஜியில் ஒரு கால் பேசிப் பார்த்து வாங்குங்கள். ஐஎம்இஐ எண்ணை, முன்னால் ஆங்கிலத்தில் கேஒய்எம் சேர்த்து, 14422-க்கு அனுப்பிவிடுவதும் அவசியம். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டுப் போனில் ஜியோ நெட் வருகிறது, கால் மட்டும் போகவில்லை. ஏன்?

பதில்: ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது; குரலும் 4ஜி, 5ஜி வழியாகவே போக வேண்டும். அதற்கு வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே கால் பேசும் வசதி வேண்டும். சிப்பில் வசதி இருந்தாலும், அந்த நெட்வொர்க்குக்கான அமைப்பைத் தயாரிப்பாளர் மென்பொருளில் தராவிட்டால் கால் போகாது. 5ஜியும் அப்படித்தான்: இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியும், பேண்ட் இருந்த ஐபோன்களுக்கு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகே கிடைத்தது. செட்டிங்ஸில் வோல்ட்டி ஆனில் இருக்கிறதா பாருங்கள், அப்டேட் போடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஏர்டெல் போல 2ஜி வைத்திருக்கும் கம்பெனிக்கு, நம்பரை மாற்றாமலே போர்ட் செய்யலாம். நண்பரின் ஏர்டெல் சிம்மைப் போட்டு வீட்டுக்குள் பேசிப் பார்த்த பிறகே 1900-க்குப் போர்ட் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், சிம் மாற்றி 7 நாள் ஆகியிருக்க வேண்டும். ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் புதுக் கம்பெனிக்கு வராது.