உழவை நிறுத்தும் முன் ஒரு நல்ல உழவு

கேள்வி:

ஐயா, வணக்கம். பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் பூமியில் 80 சென்ட் காய்கறி வைத்திருக்கிறேன். கத்தரி, வெண்டை, பாகல். போர்வெல் இருக்கிறது, சொட்டுநீர் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பயிருக்கும் டிராக்டரில் கத்தி சுழலும் ரோட்டவேட்டர் மூன்று ஓட்டு ஓட்டுகிறேன். அப்படியும் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு மேல்மண் பொருக்குத் தட்டி இறுகிவிடுகிறது, கோரைக் களையும் அடங்கவில்லை. துபாயில் இருக்கும் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் மானுக்குத் தீனிப்பயிர் போடுகிறார்கள். உழவே கிடையாது. புல்லுக்கு மருந்து அடித்து, விதையை வீசி, அந்தப் புல்லையே அதன்மேல் வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். நானும் இப்படி வெண்டை போடலாமா? என்ன களைக்கொல்லி, டேங்குக்கு எவ்வளவு? கொல்லைக் கடைசியில் 10 சென்ட் கம்பு விதைத்து மயிலுக்கு ஒதுக்கிவிட்டால் காய்கறிப் பக்கம் வராமல் இருக்குமா? உரக்கடையில் மண்ணை இளக்கும் என்று ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். அதையும் ஊற்றலாமா?

பதில்:

உழாமல் வெண்டை போடலாம். வீசி மட்டும் விதைக்காதீர்கள். அந்த வீடியோவில் வீசுவது குளோவர், டர்னிப் மாதிரிப் பொடி விதையாக இருக்கும். ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு, மேலே கொஞ்சம் சருகு மூடியிருந்தாலே அது முளைத்துவிடும். சோளம், சோயா மாதிரிப் பெரிய விதை என்றால் அவர்களும் மண்ணுக்குள் இறக்கித்தான் போடுகிறார்கள். நம் ஊரில் வீசி முளைக்கக்கூடியது கீரை, எள், கேழ்வரகு. வெண்டை, பாகல், கொத்தவரை எல்லாம் ஒரு விரற்கணு ஆழத்தில் மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலே கிடந்தால் எறும்புக்குப் பாதி, மயிலுக்கு மீதி.

அங்கே அது மான் மேய்வதற்கான பயிர். பாதி முளைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. குளிர்காலம் வந்து பனி உறைந்தால் அங்கே பல களைகள் தானாகவே செத்துவிடும். நம் மார்கழிப் பனிக்குக் கோரை சாகாது.

உழாமல் விதைப்பதைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுகிறார்கள். ஆடுதுறை 3 உளுந்து இதற்கென்றே உள்ள ரகம். உழவில்லை, பாசனமில்லை. களிமண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தையும் தைப் பனியையும் வைத்தே 70, 75 நாளில் வந்துவிடும். பூக்கும்போது 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிப்பதுதான் பெரிய செலவு. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அதன் சக்கரத் தடத்தில் முளைப்பு போய்விடுகிறது என்பது வேறு கதை. ஆனால் உங்கள் செம்மண்ணில் அந்த ஈரம் நாலு நாள் நிற்காது. இந்த மண்ணில் உழவை நிறுத்த வேண்டுமானால் முதலில் மண்ணை மூட வேண்டும். மூடாமல் உழவை மட்டும் நிறுத்தினால் அதற்குப் பெயர் தரிசு.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. மூன்று ஓட்டு ஓட்டியும் மண் ஏன் இறுகுகிறது? மூன்று ஓட்டு ஓட்டுவதால்தான் இறுகுகிறது.

ரோட்டவேட்டரைப் பற்றி நான் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன். அது ஓட்டி முடித்ததும் நிலம் புட்டு மாவு போலக் கிடக்கும், பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அந்த அழகில்தான் ஏமாந்து போகிறோம். மண்ணுக்குக் கட்டி வேண்டும். சிறு சிறு கட்டியாக இருந்தால்தான் இடையில் காற்றும் நீரும் போகும். கத்தி அதைப் பொடியாக்கிவிடுகிறது. பொடி மண்மேல் கனமழை விழுந்தால் நுண்துகள் கரைந்து துவாரங்களை அடைத்துக்கொள்கிறது. வெயில் வந்ததும் பொருக்கு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு ரோட்டவேட்டர் ஓட்டிய வெறும் செம்மண் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கரைந்து ஓடியது போக மிச்சம் இருந்ததுதான் பொருக்குத் தட்டியது.

இது மேலே. கீழே இன்னொரு கோளாறு. அந்தக் கத்தி எப்போதும் நாலைந்து அங்குல ஆழத்திலேயே சுற்றுகிறது. வருடா வருடம் அதே ஆழத்தில் தேய்த்துத் தேய்த்து, டிராக்டர் பாரமும் சேர்ந்து, அடியில் ஒரு கெட்டித்தளம் உண்டாகிவிடுகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு நீளக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். அரை அடியில் நின்றுவிட்டால் உங்கள் கத்தரி வேரும் அங்கேதான் நிற்கிறது. மதியமானால் செடி தொங்குவதை வாடல் நோய் என்று நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் நிறைய.

கோரைக்கும் ரோட்டவேட்டர்தான் செவிலித்தாய். கோரைக்கிழங்கு மண்ணுக்குள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். கோத்துக் கிடக்கும்வரை நுனிக் கிழங்கு முளைக்கும், மற்றவை பெரும்பாலும் உறங்கும். கத்தி அதைத் துண்டாக்கியதும் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கக் கிளம்பிவிடுகிறது. அதே கத்தி அவற்றைக் கொல்லை முழுக்க இறைத்தும் விடுகிறது. வாடகை வண்டிக்காரருக்கு மணிக்கணக்கில் கூலி. மூன்று ஓட்டு வேண்டும் என்றுதான் அவர் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கூப்பிடுவது நாம்தான்.

ஆகவே உழவை விடுவதற்கு முன் ஒரே ஒருமுறை ஒழுங்காக உழுதுவிடுங்கள். சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது மண்ணை ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டுங்கள். கெட்டித்தளம் வெடிக்க வேண்டுமானால் மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கோடு மட்டும்தான் விழும். அதற்குப் பிறகு கொத்துக் கலப்பை ஒரு சால். கோரைக்கிழங்கு மேலே வந்து இரண்டு வாரம் அக்கினி வெயிலில் காயட்டும். முடிந்ததைப் பொறுக்கி வெளியே போடுங்கள். அந்த நாட்களில் சொட்டுநீர்க் குழாயைத் திறக்காதீர்கள். கோடை மழை குறுக்கிட்டால் முளைப்பதை இன்னொரு சால் ஓட்டிக் காயவிடுங்கள். பிறகு மேட்டுப்பாத்தி எடுங்கள், மூன்றடி அகலம், அரையடி உயரம் போதும். பாத்தி மேல் இனி டிராக்டர் ஏறக்கூடாது, ஆளும் ஏறக்கூடாது. நடப்பதற்கு வாய்க்கால் இருக்கிறது.

களைக்கொல்லி அளவைக் கேட்டீர்கள். சொல்வதாக இல்லை. கிளைபோசேட்டுக்கு நம் நாட்டு லேபிளில் தேயிலைத் தோட்டமும் பயிரில்லாத இடமும்தான் உண்டு, காய்கறி கிடையாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சி ஒழிப்புத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே தெளிக்கலாம் என்றும் அறிவித்தது. கவுன்டரில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? கல்லுப்பு ரெண்டு கிலோ போடு, 2,4-டி களைக்கொல்லி கொஞ்சம் சேர்த்துக்கொள் என்று கைவசம் ஒரு கஷாயம் வைத்திருப்பார்கள். உப்பு உங்கள் மண்ணிலேயே தங்கும். 2,4-டி காற்றில் வந்தாலே வெண்டையும் பாகலும் சுருண்டுகொள்ளும். பாராகுவாட் என்கிற களைக்கொல்லியைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், உடம்புக்குள் போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. இத்தனையும் செய்து மேலே தெரியும் கோரை கருகினாலும், உறங்கும் கிழங்கு அடுத்த மாதம் எழுந்துகொள்ளும்.

கோரைக்குப் பிடிக்காதது நிழல். நிலப்போர்வை பிளாஸ்டிக்கையே குத்திக்கொண்டு வரும் அது, அடர்ந்த பயிரின் நிழலில் மெலிந்துபோகும். அதனால் ஆவணிக் கடைசியில் அந்தப் பாத்திகளில் சணப்பை என்கிற பசுந்தாள் பயிர் போடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு, அடர்த்தியாக விழட்டும். தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தால் தக்கைப்பூண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் மண்மேல் நேராக விழாமல் சணப்பை இலைமேலும், அறுத்த பிறகு அதன் தழைமேலும் விழும். பூக்கத் தொடங்கியதும் அடியோடு அரிவாளால் அறுத்து அந்தந்த இடத்திலேயே படுக்கப் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இதையே ரை என்கிற தானியப் பயிரை உருளையால் நசுக்கிச் செய்கிறார்கள். மடக்கி உழக்கூடாது. நமக்கு வேண்டியது மேல்மூடி. வேர் உள்ளேயே மட்கி, நீர் இறங்கத் துவாரம் விட்டுப்போகும்.

அந்த மூடி ஒன்றரை, இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். மேலே போட இன்னும் வேண்டும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டிய கொல்லையில் காய்ந்த தோகையை, அதாவது சோகையைக் கொளுத்துகிறார்களே, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு ஏக்கர் கரும்பில் 3, 4 டன் சோகை இருக்கும், அரை ஏக்கர் காய்கறிக்குத் தாராளம். முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்குவதற்காகக் கூட்டுகிற சருகும் நல்லதுதான், சீக்கிரம் மட்காது. ஆனால் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் தோடு சும்மா கிடைக்கிறதென்று அள்ளி வந்துவிடாதீர்கள். அதில் இருக்கும் எண்ணெய் கைத்தோலையே பொத்துவிடும். செம்மண்ணில் கறையான் வருமே என்பீர்கள். வரும். காய்ந்த சோகை இருக்கும்வரை பெரும்பாலும் அதைத்தான் தின்னும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள், குழிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு வையுங்கள்.

முதல் பயிர் வெண்டையாக வேண்டாம், கத்தரி நாற்றாக இருக்கட்டும். மூடாக்கை விலக்கிக் கடப்பாரையால் குத்தி, மட்கிய எரு வைத்து நாற்றை இறக்குவது சுலபம், முளைப்புக் கவலை கிடையாது. கார்த்திகையில் நாற்று விட்டால் மார்கழிக் கடைசியில் நடலாம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில்தான், பாலூர் 1 கத்தரியும் அங்கே வந்த ரகம்தான். போய் விதை விசாரியுங்கள். கத்தரி முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தண்டை மண்ணோடு வெட்டிவிட்டு, நடுவில் வெண்டையை ஊன்றலாம். உழாமல் விதைக்கும் இயந்திரம் மானியத்தில் வருகிறது என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அது வடக்கே நெல் அறுத்த வயலில் கோதுமை போடுவதற்கானது, 80 சென்ட்டுக்குக் கடப்பாரை போதும்.

முதல் வருடம் 20 சென்ட் மட்டும் செய்யுங்கள். அங்கே மணிலா (நிலக்கடலை) போடும் எண்ணம் இருந்தால் இதெல்லாம் வேண்டாம், மணிலா பிடுங்குவதே ஒரு உழவு. குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) அப்படித்தான்.

மயில் விஷயம். அமெரிக்காவில் தீனிப்பயிர் போடுவது மானை வரவழைப்பதற்கு. வந்தால் சுடலாம், பார்த்து ரசிக்கலாம். நீங்கள் கம்பு விதைத்தாலும் அதே வேலையைத்தான் அது செய்யும். இப்போது பத்து மயில் வருகிறதென்றால் கதிர் முற்றும்போது சுற்று வட்டாரத்தில் உள்ளதெல்லாம் வரும். கம்பு தீர்ந்த பிறகு எங்கே போகும்? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. விஷம், சுருக்கு என்று யார் யோசனை சொன்னாலும் காது கொடுக்காதீர்கள். மூடாக்கு போட்டால் புழு, கறையான் தேடி மயில் அதைக் கிளறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நட்ட முதல் மூன்று வாரம் பாத்திமேல் பழைய மீன்வலையை ஒரு முழ உயரத்தில் கட்டிவிடுங்கள். கடலூர் துறைமுகம் பக்கம் கிழிந்த வலை மலிவாகக் கிடைக்கும். செடி முழங்கால் உயரம் வந்ததும் எடுத்துவிடலாம்.

அந்த பாட்டில் பெரும்பாலும் ஹியூமிக் அமிலக் கரைசலாக இருக்கும், லேபிளைப் படித்துப் பாருங்கள். ஒரு லிட்டரைக் கொண்டு 80 சென்ட் மண் இளகும் என்றால் நான் இத்தனை எழுதியிருக்க வேண்டாம். மூடி திறக்கவில்லை என்றால் பில்லோடு போய்த் திருப்பிக் கொடுங்கள். பில் தரவில்லை என்றால் அடுத்த முறை அந்தக் கடையில் பில்லைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தை எடுங்கள்.